வளர்ப்பு நில ஆமைக்கு ஏற்ற படுக்கை: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஆமை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் விளக்கைப் பற்றியும் தீனியைப் பற்றியும் நிறைய விசாரிக்கிறார்கள். தரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எது கையில் கிடைத்ததோ, எதைச் சுத்தம் செய்வது சுலபமோ அதைப் பெட்டியில் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் நில ஆமையின் மூக்கு தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது. அது இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் படுக்கையை ஒட்டிய காற்று. அதன் அடிப்பக்க ஓடு நாள் முழுக்க அந்தப் பரப்பில்தான் உராய்கிறது. சூடு தாங்காதபோது ஒதுங்கவும், தூங்கவும், பெண் ஆமையாக இருந்தால் முட்டையிடவும் அது அந்த மண்ணைத்தான் நம்பியிருக்கிறது.

அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஈரத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கும்? ஆமை அதில் தன்னைப் புதைத்துக்கொள்ள முடியுமா? தீனியோடு ஒரு வாய் உள்ளே போனால் என்ன ஆகும்? பார்க்க அழகாக இருக்கிறதா, கூட்டிப் பெருக்கச் சுலபமா என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் நில ஆமைகளுக்கு மட்டும். நீரில் வாழும் ஆமைகளுக்குப் பொருந்தாது. இன்னொன்று: நில ஆமைக் குடும்பம் முழுவதுமே, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. நட்சத்திர ஆமை 2019இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. உங்கள் நாட்டில் அந்த இனத்தை வளர்க்க அனுமதி உண்டா, ஆவணம் தேவையா என்பதை ஆமை வீட்டுக்கு வரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் படி: உங்கள் ஆமையின் சொந்த மண் எது?

இனம் தெரியாமல் படுக்கை வாங்கக் கூடாது. ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு குட்டிகளில் ஒன்று புல்வெளியைச் சேர்ந்ததாகவும் மற்றொன்று மழைக்காட்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ரஷ்ய ஆமை என்று அழைக்கப்படும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழ்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியில், தானே தோண்டிய வளையில் கழிக்கிறது. ஹெர்மன் ஆமையும் கிரேக்க ஆமையும் மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளைச் சேர்ந்தவை. மண், கல், சருகு மூன்றும் கலந்த தரை அவற்றுக்குப் பழக்கம். சுல்காட்டா எனப்படும் ஆப்பிரிக்க ஆமை சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் வாழ்வது. வளை தோண்டுவதில் அதற்கு ஈடு இல்லை. சிறுத்தை ஆமையும் நட்சத்திர ஆமையும் அவ்வளவாகத் தோண்டாது. புல்லுக்கும் புதருக்கும் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். தென் அமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமை, மஞ்சள்கால் ஆமை இரண்டுக்கும் ஈரமான சருகுப் படலம்தான் வீடு.

தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மனூரியா எமிஸ் என்று ஓர் ஆமை உண்டு. அதன் பெண் மண்ணைத் தோண்டாமல், சருகுகளைக் கூட்டிக் குவித்து மேடாக்கி, அதற்குள் முட்டையிட்டுச் சில நாட்கள் காவலும் காக்கும். தரையில் என்ன கிடக்கிறது என்பது ஓர் ஆமைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

"பாலைவன ஆமை, அதனால் காய்ந்த மணலைப் போடு" என்பது பரவலாகச் சொல்லப்படும் தவறான யோசனை. வறண்ட நிலத்து ஆமைகள் அந்த வறட்சியில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பதில்லை. வெயில் ஏறியதும் வளைக்குள் போய்விடுகின்றன. வளைக்குள் காற்று ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். வெளியே இருக்கும் வறட்சியை மட்டும் பெட்டிக்குள் கொண்டுவந்து, வளையைக் கொடுக்காமல் விட்டால் அந்த ஆமை ஒதுங்க வழியில்லாமல் காய்ந்துபோகிறது.

இரண்டாம் படி: வயதைப் பாருங்கள்

குட்டிக்கும் வளர்ந்த ஆமைக்கும் ஒரே படுக்கை சரிவராது. குட்டி ஆமையின் உடலிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும், சேமித்து வைக்கவும் அதற்கு இடமில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் ஓடு வேகமாக வளர்கிறது.

நல்ல வெளிச்சத்தில் குட்டியின் மேலோட்டைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டுத் தகட்டையும் சுற்றி மெல்லிய வெளிர்நிறக் கோடு தெரியும். அதுதான் புதிதாக வளர்ந்த பகுதி. அது ஈரமான சூழலில் வளர்ந்தால் சமமாகப் பக்கவாட்டில் பரவுகிறது. காற்று தொடர்ந்து உலர்ந்திருந்தால் புதிய வளர்ச்சி இறுகிப்போய், தகட்டின் நடுப்பகுதி மேலே தள்ளப்பட்டு, ஒவ்வொரு தகடும் சிறு கூம்பாக எழும்புகிறது. இதைத்தான் வளர்ப்பவர்கள் பிரமிடிங் என்கிறார்கள். வந்த மேடு திரும்ப மட்டமாகாது. சூழலைத் திருத்தினால் அதன் பிறகு வரும் வளர்ச்சி மட்டும் சமமாக வரும்.

அதிகப் புரதம் கொடுப்பதுதான் இதற்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். சுல்காட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் ஐந்து மாதங்கள் வளர்த்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2003இல் வெளியானது. அதில் புரதத்தின் பங்கு சிறிதாகவும், வறண்ட காற்றின் பங்கு பெரிதாகவும் இருந்தது. தீனி, புற ஊதா ஒளி, கால்சியம் எல்லாம் முக்கியம்தான். ஆனாலும் குட்டி வளர்க்கிறவர் படுக்கையின் ஈரத்தை இரண்டாம்பட்சமாக நினைக்கக் கூடாது.

ஏறக்குறைய ஒரு கணக்கு சொல்கிறேன். சுல்காட்டா, சிறுத்தை, நட்சத்திர ஆமைக் குட்டிகளுக்கு 70 முதல் 80 சதவீத ஈரப்பதம், அல்லது சற்றுக் கூடுதல். சிவப்புக்கால் ஆமைக்கு எந்த வயதிலும் அதே அளவு. ஹெர்மன், கிரேக்க ஆமைகளுக்கு 50 முதல் 70. வளர்ந்த ரஷ்ய ஆமைக்குப் பெட்டியில் 40 முதல் 60 போதும், ஆனால் பதுங்குமிடத்துக்குள் 70ஐத் தாண்ட வேண்டும். அளக்கும்போது ஈரப்பதமானியைச் சுவரின் மேல்பகுதியில் ஒட்டாதீர்கள். அதன் முனையை ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். மேலே 45 காட்டும் பெட்டியில் தரையோரம் 70 இருப்பது சாதாரணம்.

மூன்றாம் படி: பொருட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மண்தான் முதலிடம். பெரும்பாலான நில ஆமைகளுக்கு மண்ணை அடிப்படையாகக் கொண்ட கலவையைத்தான் நான் சொல்வேன். கனமாக இருப்பதால் தோண்டிய வளை உடனே சரிந்து மூடாது, ஈரம் தாங்கும், நகமும் சீராகத் தேயும். ஒரே நிபந்தனை, அது வெறும் மண்ணாக இருக்க வேண்டும். உரம் கலந்த தொட்டிமண் கூடாது. பைகளில் வரும் தோட்டக் கலவைகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் சிறு உருண்டைகள் பெர்லைட், மினுமினுக்கும் துணுக்குகள் வெர்மிகுலைட். ஆமை வெள்ளை நிறத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தும் பழக்கமுள்ளது, இரண்டும் வயிற்றில் கரையாது.

பையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண்ணைப் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் மணல் அடியிலும், அதற்கு மேல் வண்டலும், உச்சியில் களியும் தனித்தனி அடுக்காகத் தெரியும். பெர்லைட் இருந்தால் தண்ணீரின் மேல் வெள்ளையாக மிதக்கும். களி அடுக்கு பாதிக்கு மேல் இருந்தால் காய்ந்ததும் பாறை மாதிரி இறுகிவிடும், மணல் சேர்க்க வேண்டிவரும். தோட்டத்து மண்ணை எடுப்பதானால் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிக்காத இடமாகப் பார்த்து எடுங்கள்.

மணலைத் தனியாகப் போடாதீர்கள், கலவையில் சேருங்கள். கழுவிய, உருண்ட துகள் கொண்ட, குழந்தைகள் விளையாடும் மணல் நல்லது. கட்டுமான மணலில் கூர்மையான துகள்கள் இருக்கும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும்.

தேங்காய் நார்த்தூள், அதாவது கோகோபீட், ஈரம் பிடிப்பதில் கெட்டிக்காரன். அழுத்திய கட்டியாக வரும். 650 கிராம் கட்டி ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் குடித்து, 8 லிட்டர் அளவுக்கு ஊதும். சில தயாரிப்புகளில் உப்பு மிஞ்சியிருக்கும். அதனால் ஊறிய தண்ணீரை ஒருமுறை வடித்து, புதுத் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இதன் குறை, காய்ந்தால் தூசாகிவிடும். அந்தத் தூசு ஆமையின் கண்ணிலும் மூக்குத் துளையிலும் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் ஈரமாக வைத்திருக்க முடியும் என்றால்தான் இதைப் பெருமளவில் போடலாம். நீள நீளமான நார் இழைகள் இருந்தால் சலித்து எடுத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும், குட்டியின் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

ஃபிர் மரப்பட்டைத் துண்டுகளும் (ஆர்க்கிட் செடிகளுக்குப் போடுவது) சைப்ரஸ் மரச்சீவலும் ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்காது. சிவப்புக்கால் ஆமை போன்ற காட்டு இனங்களுக்கு அருமையான பொருள். துண்டின் அளவில் கவனம் தேவை. ஆமையின் வாய்க்குள் போகிற அளவு கூடாது, அடியோட்டில் குத்தும் அளவுக்குக் கூராகவும் இருக்கக் கூடாது. சாயம் ஏற்றிய தோட்டச் சீவல்களைத் தொடவே வேண்டாம்.

ஸ்பாக்னம் பாசியைப் பதுங்குமிடத்துக்குள் மட்டும் போடுங்கள். தண்ணீரை நன்றாகத் தேக்கி வைக்கும். சில ஆமைகள் அதைத் தின்னத் தொடங்கிவிடும். அப்படித் தின்னும் பழக்கம் தெரிந்தால் எடுத்துவிட்டு மண்ணையே ஈரமாக வையுங்கள்.

சருகு எல்லோரும் மறந்துவிடும் பொருள். நச்சில்லாத மரங்களின் காய்ந்த இலைகளைக் கொதிநீரில் நனைத்து எடுத்து, மேலே ஒரு கை தடிமனுக்குப் பரப்பினால் அடியில் உள்ள ஈரம் ஆவியாவது குறையும், குட்டிக்கு ஒளியவும் இடம் கிடைக்கும். திறந்த வெளியில் நிற்கவே பயப்படும் குட்டி, சருகைப் போட்ட பிறகு தைரியமாக நடமாடுவதைப் பார்க்கலாம்.

வேண்டாம் என்று சொல்வேன்

சீடர் மரச்சீவல் வேண்டாம். அந்த இனிய வாசனையே ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்கள்தான், மூடிய பெட்டிக்குள் அவை நுரையீரலைத் தாக்கும். பிசின் வாசனை வீசும் பைன் சீவலையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன். சாக்லேட் வாசனையுள்ள கோகோ தோல் தோட்டத்துக்கு விற்கப்படுகிறது. அதில் உள்ள தியோபுரோமின் பல விலங்குகளுக்கு நஞ்சு.

"சாப்பிட்டாலும் ஜீரணமாகும்" என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணலைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கால்சியம் தேவைப்படும் ஆமை அதை விரும்பித் தின்னும், உள்ளே போனது கட்டியாகி அடைக்கும். தீங்கில்லை என்ற வாசகத்தை நம்பிப் போட்ட பொருளே அடைப்புக்குக் காரணமாவது வருத்தமான விஷயம். அரைத்த வால்நட் ஓடு கூர்மையானது. மக்காச்சோளக் கதிர்த் துணுக்கு விழுங்கினால் ஊதும், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பூனைக்குப் போடும் கட்டியாகும் மணல் வகைகளும் வயிற்றுக்குள் அதே வேலையைத்தான் செய்யும்.

உலர்புல், வைக்கோல் இரண்டும் தீனியாகவோ ஓரமாகவோ இருக்கலாம், படுக்கையாக வேண்டாம். நனைந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை, காய்ந்தால் தூசு, நடுவில் சரியான நிலை என்று ஒன்று இல்லை. புல் விரிப்பு போன்ற செயற்கைத் தரைகளில் நகம் மாட்டிக்கொள்ளும், தோண்டவும் முடியாது. கூழாங்கல்லைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: விழுங்கும், வழுக்கும், ஈரம் நிற்காது.

நான்காம் படி: கலவை

வறண்ட, மத்தியதரைக்கடல் இனங்களுக்கு 60 பங்கு மண், 40 பங்கு மணல். இதில் ஒரு பகுதி மண்ணுக்குப் பதில் கோகோபீட் சேர்த்தால் எடை குறையும், ஈரமும் கூடுதலாக நிற்கும். காட்டு இனங்களுக்குப் பாதி கோகோபீட், மீதியில் மண்ணும் மரப்பட்டையும், மேலே சருகு. குட்டிகளுக்கு எந்த இனமானாலும் கோகோபீட்டும் மண்ணும் சரிபாதி. துல்லியமாக அளக்க வேண்டிய மருந்து இல்லை இது. கையில் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 120க்கு 60 பெட்டியில் 10 செ.மீ. ஆழம் என்றால் 72 லிட்டர். ஈரமான மண்ணும் மணலும் கலந்த 72 லிட்டர் 100 கிலோவை நெருங்கும். இந்த எடையை மேசை தாங்குமா, பெட்டியின் அடிப்பலகை வளையாமல் நிற்குமா என்பதைக் கொட்டுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். மரப்பெட்டியானால் குளத்துக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பை அடியிலும் பக்கங்களிலும் ஏற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் சில மாதங்களில் பலகை உளுத்துவிடும்.

இப்போது ஈரம். கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துப் பிசறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, கையைத் திறங்கள். பிடித்த வடிவம் அப்படியே நிற்க வேண்டும். விரலால் மெல்லத் தட்டியதும் உதிர வேண்டும். உள்ளங்கை நன்றாகப் பிழிந்த துணியைத் தொட்டது போல ஜில்லென்று இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம், காய்ந்த கலவை சேருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று கொட்டினால் போதாது.

ஐந்தாம் படி: ஆழம்

ஓடு முழுக்க மறையும் அளவு ஆழம் வேண்டும், அதுதான் குறைந்தபட்ச அளவு. குட்டிக்கு 5 முதல் 8 செ.மீ. போதும். வளர்ந்த ஹெர்மன், கிரேக்க ஆமைகளுக்கு 15 செ.மீ. வைத்தால் நல்லது. ரஷ்ய ஆமைக்கு 20க்கு மேல் கொடுங்கள். பெட்டி முழுக்க அவ்வளவு போட முடியாவிட்டால் ஒரு மூலையில் மட்டும் மேடாகக் குவிக்கலாம், ஆமை தானாகவே அந்த மூலையைத் தேடிப் போகும்.

ஆமை தோண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் முன்னங்கால்களை மாறி மாறிப் பக்கவாட்டில் வீசி மண்ணை ஒதுக்கும். பிறகு தோளைச் சாய்த்து நுழைத்து, ஓட்டை இடமும் வலமும் ஆட்டி இடம் பண்ணும். கடைசியில் பின்னங்கால் தள்ளிய மண் அதன் முதுகிலேயே விழுந்து மூடும். ஆழம் இல்லாத பெட்டியில் இதே ஆமை அடிப்பலகையை மணிக்கணக்கில் பிறாண்டிக்கொண்டிருக்கும். "சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்கிறவர்களிடம் முதலில் மண் எவ்வளவு ஆழம் என்றுதான் கேட்க வேண்டும்.

பெண் ஆமை ஆண் இல்லாமலே கருவில்லா முட்டைகளைச் சுமக்கலாம். முட்டையிட இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும், அது உயிருக்கு ஆபத்து. வளர்ந்த பெண் ஆமை இருந்தால், குறைந்தது அதன் ஓட்டின் நீள அளவுக்கு ஆழமான, ஈரமான மண் மூலை ஒன்று எப்போதும் இருக்கட்டும். அமைதியின்றிச் சுற்றி வருவது, பின்னங்காலால் இங்கும் அங்கும் குழி தோண்டிப் பார்த்து விட்டுவிடுவது, தீனி குறைவது ஆகியவை அதற்கான அறிகுறிகள்.

ஆறாம் படி: பெட்டிக்குள் அமைப்பது

எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. வெப்ப விளக்கின் கீழே தட்டையான கல் ஒன்றைப் பதித்து அதைச் சுற்றி உலர்ந்த பகுதி. எதிர் மூலையில் குளிர்ந்த, ஈரமான பகுதி. அங்கே இருட்டான பதுங்குமிடம், உள்ளே நல்ல ஈரம். எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆமை தானே முடிவு செய்யும். அதற்கு வழி விடுவதுதான் நம் வேலை.

வெப்பம் மேலிருந்து வரட்டும். படுக்கைக்கு அடியில் வெப்ப விரிப்பு வைப்பது ஆபத்து. சூடு தாங்காத ஆமை இயல்பாகக் கீழே தோண்டும். அங்கேதான் சூடு அதிகம் என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை, அடிப்பக்க ஓடு வெந்துவிடும்.

தீனியை நேராக மண்ணில் போடாதீர்கள். ஒரு சொரசொரப்பான கற்பலகையோ ஓடோ வையுங்கள். மண் வாய்க்குள் போவது பெருமளவு குறையும், அலகும் அதில் உரசித் தேயும். தண்ணீர்த் தட்டை விளிம்பு வரை மண்ணில் பதித்து வையுங்கள், குட்டி ஏறி இறங்கச் சுலபம்.

ஏழாம் படி: ஈரத்தைக் காப்பது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தினமும் மேலே தண்ணீர் தெளிப்பது பலருடைய வழக்கம். தெளித்த ஒரு மணி நேரத்துக்கு ஈரப்பதமானி ஏறும், பிறகு விளக்குச் சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும். மேல்பரப்பு நனைந்து நனைந்து காயும், அடிமண்ணோ உலர்ந்தே கிடக்கும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: அடியில் ஈரம், மேலே உலர்ந்த பரப்பு. அடியிலிருந்து ஈரம் மெதுவாக எழும்பிக் காற்றைப் பதமாக வைக்கும். ஆமையின் அடிப்பக்க ஓடு உலர்ந்த பரப்பில் கிடப்பதால் அழுகாது.

அதற்கு வழி, பெட்டியின் நான்கு மூலைகளிலும் சுவரோரமாகத் தண்ணீரை ஊற்றுவது. அது சுவரை ஒட்டி இறங்கி அடியில் பரவும். ஒரு சொம்பு ஊற்றிவிட்டு அடுத்த நாள் விரலை அடிவரை விட்டுப் பாருங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் போதும், குட்டையாகத் தேங்கினால் அதிகம். விளக்கு எவ்வளவு சூடு, பெட்டி மூடியதா திறந்ததா என்பதைப் பொறுத்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மாறும். வாரம் ஒருமுறை கையால் கிளறிவிட்டால் மேல் கீழாகக் கலந்து காற்றோட்டமும் கிடைக்கும். திறந்த பெட்டியில் ஈரம் நிற்கவே மாட்டேன் என்றால் மேல்பகுதியில் முக்கால்வாசியை மூடிப் பாருங்கள். விளக்குச் சூட்டால் உருகும் பொருளை அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ஈரத்தோடு குளிர் சேர்வதுதான் ஆபத்தான கூட்டணி. கதகதப்பான ஈரம் குட்டிக்கு நன்மை, குளிர்ந்த ஈரம் சளியையும் நுரையீரல் தொற்றையும் கொண்டுவரும். வெப்பமண்டல இனக் குட்டிகளின் ஈரமான பெட்டி இரவிலும் 26 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். அந்தச் சூட்டைத் தர முடியாத நாட்களில் முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் ஊற்றுவது அதன் பிறகு.

சுத்தம்

கழிவைத் தினமும் எடுத்துவிடுங்கள். வெள்ளையாக, பசை போல வெளியேறும் சிறுநீர்க் கழிவான யூரேட்டையும் அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிவிடுங்கள். அது மண்ணைப் போல மணல் மணலாக இறுகி வந்தால் ஆமைக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தீனி மிச்சத்தை மாலைக்குள் அகற்றுங்கள். மேல் அடுக்கை மாதம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துப் புதிது சேர்க்கலாம். முழுவதையும் மாற்றுவது மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மோப்பம் பிடித்துப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல்: மழைக்குப் பிந்தைய மண்வாசனை வந்தால் நல்லது, புளித்த வாசனையோ அமோனியா நெடியோ வந்தால் நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

புதிய மரப்பட்டையிலும் சருகிலும் முதல் சில வாரங்களில் வெண்பூஞ்சை தலைகாட்டலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், கிளறிவிட்டால் போதும். அடங்காமல் பரவினால் காற்றோட்டம் குறைவு அல்லது ஈரம் அதிகம். எப்போதும் ஈரமாக இருக்கும் பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் எனும் நுண்பூச்சிகளையும் மரப்பேன்களையும் விட்டு வளர்ப்பவர்கள் உண்டு. அவை பூஞ்சையையும் கழிவையும் தின்று மண்ணைச் சீராக வைக்கும். சிறிய காட்டு இன ஆமைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பெரிய ஆமை மிதித்து இறுக்கும் மண்ணிலும், உலர்ந்த பெட்டியிலும் அவை நிலைப்பதில்லை.

எதைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

தனிச் சூழல்கள்

புதிதாக வந்த ஆமையையும், நோயுற்ற ஆமையையும் முதலில் செய்தித்தாளிலோ சமையலறைத் தாளிலோ வையுங்கள். கழிவின் நிறம், அதில் புழு இருக்கிறதா என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். தனிமைப்படுத்தல் காலம் இரண்டு மூன்று மாதம் நீளலாம். அந்த நாட்களில் பதுங்குமிடத்துக்குள் மட்டும் ஈரமான தாளைத் தினமும் மாற்றி வையுங்கள். வழுக்கும் தாளில் குட்டியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும், அதனால் இதையே நிரந்தரப் படுக்கையாக்கக் கூடாது.

காயமோ அறுவை சிகிச்சைத் தையலோ இருந்தால் மருத்துவர் சொல்லும் வரை மண் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது

படுக்கையை மாற்றிய முதல் வாரம் ஆமையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். ஒன்றிரண்டு வாய் மண்ணை முகர்ந்து கடித்துப் பார்ப்பது இயல்பு. தொடர்ந்து மண்ணைத் தின்றால் கால்சியமோ நார்ச்சத்தோ குறைகிறதா என்று பாருங்கள், தீனியைத் திருத்துங்கள். கழிவு வராமல் இருப்பது, தீனியை ஒதுக்குவது, முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால்கள் வலுவிழந்து இழுபடுவது ஆகியவை குடல் அடைப்பின் அடையாளங்கள். வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். அடுத்த நாளும் மாற்றமில்லை என்றால் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எண்ணெய், பேதி மருந்து என்று வீட்டில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஆமையைத் தூக்கி அடியோட்டைப் பாருங்கள். மென்மையான இடம், இளஞ்சிவப்புத் திட்டு, உரியும் தகடு, கெட்ட வாடை எது தெரிந்தாலும் ஓடு அழுகத் தொடங்கியிருக்கலாம். மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண் வீங்கி மூடிக்கொள்வது ஆகியவையும் காத்திருக்கக் கூடிய விஷயங்கள் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது ஆமையோடு சேர்த்துப் பெட்டியின் புகைப்படம், தரையோரம் எடுத்த வெப்பநிலை ஈரப்பத அளவுகள், புதிய கழிவு, அப்புறம் ஒரு சிறு பையில் ஒரு கைப்பிடி படுக்கைக் கலவை இவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரிவது மணலா, மரத்துண்டா, முட்டையா என்று பிரித்துப் பார்க்க அந்தக் கைப்பிடி மண் அவருக்கு உதவும்.